மெல்லப் பேசத் தெரியாத அண்ணன்

அவர் ரகசியம் சொன்னால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கோபம் வந்து அவர் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கத்தியிருந்தால் பத்து மைலுக்கு அப்பால் பங்காருபேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அண்ணன் என்றே எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஒருகாலத்தில் நான் பேசிய பேச்சு அவருக்குச் செய்த கெடுதல் போதும்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் கோலார் தங்கவயலுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. எங்கள் மாரிகுப்பத்துக்கு ரயில் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூங்கில் தட்டியால் வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையையும் லைன் என்போம். ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய மூன்று வயதுப் பையனும். அண்ணன் சுரங்கத்தில் வேட்டு வைக்கிறவர். பாறையில் குழி போட்டு, அதில் மருந்தை வைத்து, திரியில் நெருப்புப் பற்றவைத்துவிட்டு ஓடிவருகிற வேலை. அவர் சம்மட்டியால் அடிக்கும்போது குழிபோடுகிற கம்பியைப் பிடித்துக்கொள்கிறவர் என் வீட்டுக்காரர். சம்மட்டி இம்மி தவறினாலும் கை போய்விடும். பதினோரு வருடம் அவருக்குக் கம்பி பிடித்த என் வீட்டுக்காரரின் கைகளில் பத்து விரலும் இருந்தன. அண்ணனைப் பற்றி இதற்குமேல் நற்சாட்சி வேண்டியதில்லை.

வேட்டுச் சத்தம் அவருடைய வலது காதை முழுக்கத் தின்றுவிட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் வாயை வைத்துப் பேசினால் புரிந்துகொள்வார். ஆனால் தன்னுடைய குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவே தெரியாது.

நான் வந்து இறங்கிய அன்றைக்கு வாசலில் பத்துப் பேர் கூடிப் பெண் பார்த்தார்கள். அண்ணன் என் வீட்டுக்காரரைத் தோளில் கைபோட்டுத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போய், அவர் காதில் ரகசியம் சொன்னார்.

"பொண்ணு லட்சணமா கீதுடா. ஆனா ரொம்ப ஒல்லி. உங்கம்மா அரைவயித்துக்குப் போட்டா நீ உன் பங்குல எடுத்துக் குடு, இன்னா?"

என் மாமியார் அங்கேதான் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். பத்துப் பேரும் சிரித்தார்கள். மாமியார் ஊருக்குத் திரும்பிப் போகிறவரைக்கும் எனக்கு இரண்டு கரண்டி கூடவே போட்டாள்.

முதல் பிள்ளை வயிற்றில் தங்கியபோது நான் அண்ணியிடம் மட்டும்தான் சொன்னேன். அண்ணி வாயாடி இல்லை. ஐந்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவள். ஆனால் புருஷனிடம் எதையும் மறைக்கமாட்டாள். அவர் இடது காதில் மெல்லச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து, சுரங்கத்திலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து, நூறு நூற்றைம்பது பேர் வரிசையாக வீடு திரும்பிக்கொண்டிருக்கையில், அண்ணன் என் வீட்டுக்காரரிடம், "டேய், யாருக்கும் சொல்லாத, உன் பொஞ்சாதி முழுகாம கீறாளாம்" என்று ரகசியம் சொன்னார். என் வீட்டுக்காரருக்கே அப்போதுதான் தெரியும். அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சாராயக்கடைப் பக்கத்து லைனிலிருந்து ஒருத்தி மாங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அண்ணன்மேல் யாருக்கும் கோபம் வராது. மனத்தில் ஒன்று, வாயில் ஒன்று அவருக்குக் கிடையாது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன, அதுவும் பெரிய சத்தத்தில்.

சுரங்கத்துக்குள் அந்தக் குரலுக்குத் தனி மரியாதை இருந்தது. திரியில் நெருப்பு வைத்துவிட்டு, "வேட்டு! வேட்டு!" என்று அவர் கூவினால் மேல் லெவலில், அதாவது மேலடுக்குச் சுரங்கத்தில், இருக்கிறவர்களும் ஒதுங்கிக்கொள்வார்களாம். மற்ற வேட்டுக்காரர்களிடம் ஆள் காயப்பட்டதுண்டு. அண்ணனிடம் ஒருவரும் காயப்படவில்லை என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார்.

கோயிலில் அந்தக் குரலால் ஒரு தொல்லை இருந்தது. எங்கள் மாதா கோயில் அப்போது சின்னது. செம்மண் சுவர், தகரக் கூரை. எல்லோரும் சேர்ந்து மந்திரம் சொல்லும்போது அண்ணன் யாரோடும் சேராமல் அரை வரி முன்னால் போவார். பிரான்சு தேசத்திலிருந்து வந்த சாமியார், தமிழைப் புத்தகத்தில் படித்தவர், கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரே அண்ணனுடைய வேகத்துக்கு மாறிக்கொண்டார். ஊரும் மாறிக்கொண்டது.

அண்ணனுடைய அந்தப் பையன் செத்துப்போனான்.

நான்கு நாள் காய்ச்சல். கொதிக்கிற உடம்பைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் அண்ணி மூன்றாம் நாள் அவனுக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். நான்தான் குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன். மறுநாள் விடியும்போது பையன் இல்லை. அண்ணி ஊற்றிய தண்ணீரால் அவன் செத்தான் என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. அந்த வருஷம் லைனுக்கு இரண்டு பிள்ளை அந்தக் காய்ச்சலில் போயின. அண்ணன் ஒரு வார்த்தையும் அவளைச் சொல்லவில்லை. பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்து, மறுநாள் ஷிப்டுக்குப் போனார்.

ஆறு மாதம் கழித்து நாற்பது நாள் தவசு காலம் வந்தது. அதன் முடிவில் வரும் பாஸ்கு திருநாளுக்கு முன்னால் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், அதாவது செய்த பாவங்களைச் சாமியாரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாமியார் கோயிலில் நடுவாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் துளைபோட்ட பலகைத் தடுப்பு. ஒரு பக்கம் ஆண்கள் வரிசை, இன்னொரு பக்கம் பெண்கள் வரிசை. நான் கைப்பிள்ளையோடு பெண்கள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அண்ணி.

ஆண்கள் பக்கத்தில் அண்ணன் முழந்தாளிட்டார். அதற்கு முந்தின வருஷங்களில் அவர் என்ன சொன்னாரென்று எல்லோருக்குமே தெரியும். பொய் சொன்னேன், கள்ளுக் குடித்தேன், மேஸ்திரியை மனத்தில் திட்டினேன் என்பார். கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். அன்றைக்கும் அப்படித்தான் காத்திருந்தோம்.

"சாமி," என்றார் அண்ணன். அவரைப் பொறுத்தவரை அது முணுமுணுப்பு. "என் புள்ள செத்தது என் பொஞ்சாதியாலதான்னு மனசுல வெச்சிகினு கீறேன். காச்சக்காரப் புள்ளைக்குப் பச்சத்தண்ணி ஊத்தினா. வாய்தொறந்து அவள ஒண்ணும் கேக்கல சாமி. ஆனா அவ மூஞ்சப் பாத்தா வெறுப்பா கீது. அவ கையால துன்னவே வெறுப்பா கீது."

தகரக் கூரை அதை வாங்கித் திருப்பி எங்கள்மேல் போட்டது. சாமியார் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி, மெல்லப் பேசும்படி சைகை காட்டினார். அண்ணனுக்கு அது புரியவில்லை. இன்னும் நான்கு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்.

அண்ணி வரிசையை விட்டுப் போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தன் முறை வந்ததும் போய் முழந்தாளிட்டாள், எழுந்து வந்தாள், வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். அண்ணனுக்குத் தட்டை வைத்துவிட்டு, அவர் இடது காதில் ஏதோ சொன்னாள். தட்டி வழியாக எனக்கு அது கேட்கவில்லை. அவருடைய பதில் கேட்டது.

"எல்லாருக்குமா கேட்டுச்சு?"

அடுத்த வாரம் அண்ணி ரயிலேறித் தாய்வீட்டுக்குப் போனாள்.

இனி என்னுடைய பங்கைச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சாமர்த்தியம் இருந்தது. யார் பேசினாலும் அதே மாதிரி பேசிக் காட்டுவேன். மேஸ்திரி மாதிரி, துரை மாதிரி, சாமியாருடைய தமிழ் மாதிரி. கிணற்றடியில் நான் போய் நின்றாலே பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தயாராவார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஊர் சிரித்தால் எனக்குப் பசிக்காது. அண்ணி ஊருக்குப் போன மறுநாள், கோயிலில் நடந்தது என்னவென்று பூதிகோட்டையிலிருந்து மோர் விற்க வருகிறவள் கேட்டாள். நான் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. முழந்தாளிட்டு, கையைக் குவித்து, மார்பிலிருந்து குரலை எடுத்து, "சாமீ, வெறுப்பா கீது சாமீ" என்று அண்ணனாகவே பேசிக் காட்டினேன்.

சிரித்தார்கள். இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவை செய்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் காதில் விழுந்ததை வெளியே பேசக்கூடாது என்று எனக்குச் சின்ன வயதில் கோயில் உபதேசத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பத்து நாளில் அந்த வார்த்தை லைன் முழுக்கப் பரவியது. களி அடிபிடித்துப் போனால், "சாமீ, களி வெறுப்பா கீது." மழை வந்தால், "சாமீ, மழ வெறுப்பா கீது." கேஜுக்குக் காத்திருக்கும் ஆண்கள் பேசினார்கள், பிள்ளைகள் பேசின. தெலுங்குக்காரர்களும் கன்னடக்காரர்களும்கூடத் தமிழில் அந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டார்கள். அண்ணனுக்குக் காதில் விழாது. ஆனால் தன்னைப் பார்த்ததும் ஏன் எல்லோருடைய வாயும் ஒரேமாதிரி கோணுகிறது என்று முகத்தை முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் அவருடைய இடது காதில் வாயை வைத்து அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டான்.

அன்றைக்கு நின்றது அவர் பேச்சு.

எட்டு வருடம். லைனில் அவர் கையாலும் தலையாலும்தான் பேசினார். சுரங்கத்துக்குள் மட்டும், "வேட்டு!" அது உயிர் சம்பந்தப்பட்டது. மேலே வந்தால் வாய் மூடிக்கொள்ளும். அண்ணி இரண்டு மாதத்தில் திரும்பி வந்தாள். சமைத்தாள், துவைத்தாள், அவர் காதில் சொல்லவேண்டியதைச் சொன்னாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கோயிலுக்கு ஞாயிறுதோறும் வருவார். உள்ளே வரமாட்டார். வாசற்படியில் நின்று, வாயைத் திறக்காமல், பூசை முடிந்ததும் போய்விடுவார். பாவசங்கீர்த்தனமும் இல்லை, பூசையில் அப்பமாகத் தருகிற நன்மையை வாங்குவதும் இல்லை. ஊர் பழையபடி தன் வேகத்துக்கு மந்திரம் சொன்னது. அது ரொம்ப மெதுவாகவும் சோம்பலாகவும் எனக்குக் கேட்கும்.

சாமியார் ஒருதரம் வீட்டுக்கே வந்தார். நான் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"நீர் கோயிலுக்கு வர வேண்டாம். நாம் இருவரும் காட்டுப் பக்கம் நடப்போம். அங்கே ஒருவரும் இல்லை. அங்கே சொல்லும்," என்று காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அண்ணன் லைனில் வாய் திறந்தார்.

"எல்லாரும் கோயில்லதான சொல்றாங்க சாமி? நான் மட்டும் இன்னா, நோவு வந்த மாடா, ஊருக்கு வெளிய ஓட்டிகினு போய்க் கட்டறதுக்கு?"

சாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த எட்டு வருடமும் நான் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பிள்ளையை அடித்தேன் என்பேன், பூசைக்குப் பிந்தினேன் என்பேன், ஊரிலிருந்து வந்த மாமியாரை எதிர்த்துப் பேசினேன் என்பேன். கிணற்றடியை மட்டும் சொல்லமாட்டேன். பலகைக்குப் பக்கத்தில் போனதும் நாக்கு அதைத் தாண்டிக் குதித்துவிடும். லைனில் எல்லோரும் அண்ணனைப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர் என்றார்கள். என்னைப் பக்தியுள்ளவள் என்றார்கள்.

பிறகு அந்தப் பாறை விழுந்தது.

காலை ஷிப்ட். அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரு லெவலின் கோடியில் குழி போட்டுக்கொண்டிருந்தபோது அவர்களுக்குப் பின்னால் கூரைப்பாறை இறங்கி வழியை அடைத்துவிட்டது. சங்கு ஊதியதும் லைன்களிலிருந்து பெண்கள் எல்லோரும் ஓடினோம். யார் வீட்டு ஆள் என்று தெரிகிறவரைக்கும் எல்லோரும் அழுவார்கள். தெரிந்தபிறகு இரண்டு பேர் மட்டும் அழுவார்கள். அன்றைக்கு அந்த இரண்டு பேர் அண்ணியும் நானும்.

கேஜில் மேலே வந்தவர்களிடம் கேட்டோம். பெரிய அடைப்பு, எங்கே இருக்கிறார்களென்றே தெரியவில்லை, தோண்டினால் எந்தப் பக்கம் தோண்டுவது என்றார்கள். உச்சிவெயில் தலையில் இறங்கியது. அண்ணி கேஜ் வருகிற வாயைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மேலே வந்த ஒருவன், "கேக்குது! வேட்டுக்காரர் சத்தம் கேக்குது! மந்திரம் சொல்றாரு!" என்று கத்தினான்.

பாறைக்குப் பின்னாலிருந்து அண்ணன், செய்த பாவத்துக்கு மனம் வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். சாகிறோம் என்று நினைத்து, தனக்காகச் சொன்னது. அந்தக் குரல் பாறையின் இடுக்கு வழியாகக் கசிந்து வந்தது. குரல் வந்த பக்கமாகத் தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரையும் வெளியே எடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. அண்ணனுக்கு நெற்றியில் காயம்.

கேஜிலிருந்து இறங்கி வந்த அண்ணன் நேரே அண்ணி முன்னால் போய் நின்றார். அண்ணி தன் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

வீட்டில் படுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். "உள்ள இருட்டுல மெழுகுவத்தி அணைஞ்சிபோச்சி. அண்ணன் என் கையப் புடிச்சிகினாரு. 'டேய், நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி எட்டு வருசமாச்சிடா, இப்டியே போனா இன்னா சொல்வேன்'னாரு. அப்பால மந்திரம் ஆரம்பிச்சவருதான், நிறுத்தவே இல்ல. தொண்டையில ரத்தம் வந்துச்சி, அப்பவும் நிறுத்தல."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். என் தாலியை எனக்குத் திருப்பிக் கொடுத்த குரல் அது. அந்தக் குரலைத்தான் நான் கிணற்றடியில் விலைபேசாமல் விற்றிருந்தேன்.

அதுவும் தவசு காலம்தான். இரண்டு வாரம் கழித்து வந்த சனிக்கிழமை, சாமியார் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நாங்கள் வரிசையில் நிற்க, அண்ணன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். வெளுத்த வேட்டி. நெற்றிக் காயத்தில் இன்னும் பக்கு உதிரவில்லை. ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார். யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தோம்.

அவர் முறை வந்தது. முழந்தாளிட்டார்.

"சாமி," என்றார். எட்டு வருடமாக அந்தக் கூரை கேட்காத குரல். "பாவசங்கீர்த்தனம் பண்ணி எட்டு..."

எங்களில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே போனால் அவரை ஊருக்கு வெளியே கட்டியதாகிவிடும். அங்கேயே நின்றால் கேட்டுவிடும்.

அப்போது எனக்கு முன்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது. ஐந்து வார்த்தைக்கு இரண்டு பேசுகிற அண்ணியின் குரல்.

"சுவாமீ, கிருபையாயிரும்!"

தேவமாதா பிரார்த்தனையின் முதல் வரி. சொல்லிவிட்டு, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வதற்காக நிறுத்தினாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்த்தாள்.

நான் தொண்டையைத் திறந்தேன். மார்பிலிருந்து எடுத்தேன், அண்ணனைப் போலவே. "சுவாமீ, கிருபையாயிரும்!"

அடுத்த வரிக்கு இருபது பேர் சேர்ந்தார்கள். அதற்கடுத்த வரிக்குக் கோயில் முழுவதும் சேர்ந்தது. அண்ணி மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நாங்கள் கூவினோம். தகரக் கூரை அதிர்ந்தது. கேஜுக்குக் காத்திருக்கையில் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லிச் சிரித்த ஆண்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார்கள். பலகைக்குப் பக்கத்தில் அண்ணனுடைய உதடுகள் அசைவதைப் பார்த்தோம். சாமியார் அவர் இடது காதருகே குனிந்து ஏதோ சொல்வதையும் பார்த்தோம். அவரும் உரக்கத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு எழுத்துகூட எங்கள் காதில் விழவில்லை.

பிரார்த்தனை முடிந்துவிட்டது. அண்ணன் முடிக்கவில்லை. அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதுவும் முடிந்தது. எட்டு வருடம் ஆயிற்றே. மூன்றாம் தடவை பாதியில், சாமியாருடைய கை உயர்ந்து சிலுவை வரைவதைப் பார்த்தோம். யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒன்றாக நிறுத்தினோம்.

அந்த நிசப்தத்தில் அண்ணனுடைய குரல் ஒன்று மட்டும் கேட்டது.

"ஆமென்!"

அன்றைக்கு அவர் என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது.

என் முறை வந்தது. பலகைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு எட்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். இத்தனை வருடமும் அதை மறைத்துச் செய்த பாவசங்கீர்த்தனங்களையும் சொன்னேன்.

"மகளே, இதை எனக்குச் சொன்னாய், நல்லது," என்றார் சாமியார். "ஆனால் அவருக்கும் சொல்ல வேண்டும். அதுவே உனக்குத் தண்டனை."

அன்று சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், அவர்கள் வாசலுக்குப் போனேன். அண்ணன் வெளியே கட்டையில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் குந்தி, "அண்ணி, அன்னிக்கிக் கிணத்தடியில மொதல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்," என்றாள் அண்ணி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மோர்க்காரி அப்பவே சொன்னா. அந்தப் பேச்ச ஆரம்பிச்சவ நீதான்னு."

"அண்ணனுக்கு?"

"அவருக்குச் சொல்லல. சொல்லிருந்தா அவரு உன்ன வந்து கேப்பாரு. அவரு கேட்டா ஊருக்கே கேக்கும். நீ சின்னப்பொண்ணு, கைப்புள்ளக்காரி. எதுக்குன்னு வுட்டுட்டேன்." காம்பைக் கிள்ளி எறிந்தாள். "இப்ப நீயே சொல்லிடு."

நான் எழுந்து அண்ணனிடம் போனேன். இடது பக்கம் குனிந்து மெல்லச் சொன்னேன். அவர் கோடரியை நிறுத்திவிட்டு, "இன்னாமா?" என்றார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பாறை விழுந்த அன்றிலிருந்து அந்த இடது காதும் மந்தமாகியிருந்தது. எனக்கு அப்போதுதான் அது தெரிந்தது. "கேக்கலமா. சத்தமாச் சொல்லு."

லைனில் எல்லா வாசலிலும் ஆள் இருந்தார்கள். சனிக்கிழமைச் சாயங்காலம். மாவாட்டுகிறவர்கள், பேன் பார்க்கிறவர்கள், பீடி குடிக்கிறவர்கள். சாமியாருக்கு இதெல்லாம் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஓடிப்போய்விடலாம் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் தோளில் கட்டோடு எங்கள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்பிலிருந்து குரலை எடுத்தேன்.

"அண்ணே! நீங்க கோயில்ல சொன்னத கிணத்தடியில மொதல்ல பேசினது நான்தாண்ணே! உங்கள மாதிரியே பேசிக் காட்டினேன்! எல்லாரையும் சிரிக்க வெச்சேன்! அத்த ஊரு பூரா பரப்பினது நான்தான்! என்ன மன்னிச்சிடுங்கண்ணே!"

மாவாட்டுகிற கல் நின்றது. எங்கோ ஒரு பிள்ளை ஏதோ கேட்க, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லா வாசலிலும் ஆட்கள் எழுந்து நிற்பதைப் பார்த்தார். பிறகு, எட்டு வருடமாக நாங்கள் கேட்காத அந்தப் பழைய ரகசியக் குரலில், நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி, என்னிடம் சொன்னார்.

"ஏம்மா, இத்த மெல்லமாச் சொல்லக் கூடாதா? இப்ப பாரு, ஊரே கேட்டுகினு நிக்குது."

முதலில் சிரித்தது அண்ணிதான். கீரை மடியிலிருந்து சரிய, தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று புரியாமல் அண்ணன் கோடரியும் கையுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.